தட்டியது யார்?

"டொக்! டொக்!"

கதவைத் தட்டிய ஓசையன்று, தோழர்களே! நமது இல்லத்துக் காரின் அடியிலிருந்து எழுந்த ஓசை. தந்தையார் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய வண்டி; ஏழு பேர் அமரும் எஸ்.யூ.வி. அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே மேம்பாலப் பணி 2024இல் தொடங்கியபின், நந்தனத்துக் குறுக்குத் தெருக்களே நமக்கு வழியாயின. அத்தெருக்களின் குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் "டொக்!"

தமக்கையாருக்கு அப்போது நிறைமாதம். நள்ளிரவில் வலி கண்டால் மருத்துவமனைக்குப் போக அந்த வண்டியைத்தான் நம்பியிருந்தோம். அன்னையாரின் முகம் வாடிற்று.

"கண்ணேறுதான், வேறென்ன? அதில் உன் அக்காவை ஏற்றாதே" என்றார். வண்டி வந்த நாளில், சென்னையில் பலர் செய்வதுபோல, பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டு சென்று, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சை வைத்து நசுக்கி வந்தவர் அவர். மீண்டும் ஒருமுறை போய் வந்தால் ஓசை ஓயும் என்பது அவர் எண்ணம்.

நாம் நகைத்தோம். கல்லூரியில் வரலாறு பயின்றவராயிற்றே! 'ஏன், எதற்கு' என்று கேட்க மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியராயிற்றே! "எலுமிச்சைக்கும் எந்திரத்துக்கும் என்ன உறவு?" என்று ஏளனம் பேசிவிட்டு, பெரிய பட்டறை ஒன்றுக்கு வண்டியை ஓட்டிச் சென்றோம்.

குளிரூட்டிய அறை. மேசையில் கணினி. கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர், "ஷாக் அப்சார்பர் போய்விட்டது, இரண்டையும் மாற்றவேண்டும்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டோமா? கேட்கவில்லை! 14,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். வெளியே வந்து முதற்குழியில் இறங்கினோம். "டொக்!"

அன்னையார் கொடுக்க இருந்தது நான்கு எலுமிச்சை. நாம் கொடுத்ததோ 14,000. அவர் வணங்கியது முனீஸ்வரனை. நாம் வணங்கியது கழுத்துப்பட்டையை. இருவரில் யார் பகுத்தறிவாளர்? வெட்கம் நம்மை வாட்டிற்று.

பிறகு, தெருமுனைப் பட்டறையில் ஓர் இளைஞரிடம் சென்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை, கேள்வியை எடுத்தார்.

"சார், வண்டி நிற்கும்போது என்ஜினை முடுக்கினால் சத்தம் வருகிறதா?"

"இல்லை."

"அப்படியானால் என்ஜினை விடுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடி குழியில் இறக்கினால் அடங்குகிறதா?"

"அப்போதும் வருகிறது."

"வேகத்தடையில் ஏறும்போது?"

விழித்தோம். கவனித்ததே இல்லை! அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடையில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்கின, ஓசையில்லை. குழியில் இடச்சக்கரம் மட்டும் இறங்கிற்று, "டொக்!"

அவர் முகம் மலர்ந்தது. வளைவில் வண்டி சாயாது காப்பது, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற இரும்புக் கம்பி. இரு சக்கரங்களும் சேர்ந்து எழுந்தால் அது முறுகாது. ஒன்று மட்டும் எழுந்தால் முறுகும். அந்த முறுக்கைச் சக்கரத்தோடு பிணைப்பது இருமுனையிலும் உள்ள சிறு லிங்க் ராடு. ஒருபக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கினால், கம்பியின் முறுக்கே தளர்வை மறைத்துவிடுமாம்! ஆகவே இருபுறமும் சமமாய்த் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இடப்பக்க லிங்க் ராடைக் கையால் அசைத்தார். ஆடிற்று! ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வழிந்து, மண் புகுந்து, உள்ளிருந்த குண்டு தேய்ந்து கிடந்தது.

அப்போதும் அவர் தீர்ப்புரைக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு, தெருவில் மெல்ல ஓட்டிக் காட்டினார். ஓசை மாண்டது! அதற்குப் பிறகே ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து 1,800 ரூபாய்க்குப் புதிய இணை வந்தது.

"சத்தம் நின்றதே, போதாதா?" என்றோம். "போதாது, சார். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும், அதையும் பார்த்துவிடுவோம்" என்றார். பார்த்தார், பழுதில்லை.

எத்துணை உயர்ந்த பாடம்! 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி, என்ஜினுக்குள் எழும் தட்டலை அடக்கப் பெட்ரோலில் ஈயம் கலந்தார். தட்டல் ஓய்ந்தது, உலகம் கைதட்டிற்று. ஆனால் புகையில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கிற்று. இந்தியா அதை விலக்கியது 2000ஆம் ஆண்டில். கடைசி நாடான அல்ஜீரியா விலக்கியது 2021இல். ஓசை ஓய்ந்ததும் கேள்வியும் ஓய்ந்ததால், நூறாண்டு நஞ்சு!

சில நாட்கள் கழித்து, நள்ளிரவில் வலி வந்தது. தமக்கையாரை மடியில் சாய்த்துக்கொண்டு அன்னையார் பின்னிருக்கையில் அமர்ந்தார். அதே குழிகள். ஓசை இல்லை. விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது.

அண்மையில் ஒருநாள், கூடத்து மின்விசிறி கிறீச்சிட்டது. கண்ணேறு என்பாரோ என்று அன்னையாரைப் பார்த்தோம். அவர் அண்ணாந்து நோக்கிக் கேட்டார்: "எல்லா வேகத்திலும் கத்துகிறதா, ஒரு வேகத்தில் மட்டுமா?"

தோழர்களே! கடவுளைக் கேள்வி கேட்டுவிட்டோம் என்று களிப்படைகிறோம். கழுத்துப்பட்டையையும் கேட்கக் கற்போம், நம்மையும் கேட்டுக்கொள்வோம்!