ஒன்னுக்குப் போனானா?

டெங்கு வார்டில் பெற்றோர் எல்லாருக்கும் ஓர் எண் மனப்பாடமாக இருக்கும். "நேத்து நாப்பதாயிரம், இன்னிக்கு இருபத்தெட்டு." பிளேட்லெட்தான். டீக்கடையிலும் லிஃப்ட் வாசலிலும் தங்கம் விலை மாதிரி அது பேசப்படும். தங்கை மகனுக்குத் துணையாக இருந்தபோது நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரி டியூட்டி சிஸ்டர் கேட்டதோ வேறு: "பையன் ஒன்னுக்குப் போனானா? எவ்வளவு?"

கட்டிலுக்கடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை. கிலோவுக்கு ஒரு மில்லி கணக்கில், 18 கிலோ பையனுக்கு மணிக்குச் சுமார் 18 மில்லியாவது போக வேண்டுமாம். குறைந்தால் அவர் முகம் மாறும். உடனே டாக்டருக்குப் போன் போகும்.

டெங்குவில் காய்ச்சல் கொதிக்கும்போதைவிட, விடும்போதுதான் அதிக ஆபத்து. நாலாம் ஐந்தாம் நாள் சூடு இறங்கியதும் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவோம். அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். குழாய்க்குள் ரத்தம் கெட்டிப்படும். சிறுநீர் குறைவது அதன் முன்னறிவிப்பு. எண்ணிக்கை இறங்கியது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில்லை, ரத்தக் கசிவு உண்டா என்றும் பார்க்கிறார்கள். பப்பாளி இலை தேடி ஊரெல்லாம் அலைந்த மச்சானிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், காதில் ஏறவில்லை. ஏறாதுதான். பெற்ற தகப்பன் வார்டு வாசலில் சும்மா எப்படி நிற்பான்?

கசிந்த நீர் ஓரிரு நாளில் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று கழற்றிவிட்டார்கள். "இன்னும் எழுந்தே உக்காரல, அதுக்குள்ள ஏன் சிஸ்டர் எடுக்குறீங்க?" என்று தங்கை சண்டைக்கே போய்விட்டாள். சிஸ்டர் பேசவில்லை, போர்வையை விலக்கினார். பையனின் கால் முழுக்கச் செக்கச்செவேல். நடுநடுவே வட்டவட்டமாக வெள்ளைத் திட்டுகள். அரிப்புத் தாங்காமல் ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. தேறும்போது வருகிற தடிப்பு அது என்றார்.

மறுநாள் ரிசல்ட்டில் பிளேட்லெட் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. தங்கை அந்தத் தாளை வைத்துக்கொண்டு கண் கலங்க, பையன் கஞ்சி டம்ளரைத் தள்ளிவிட்டுப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினான்: "மாமா, எனக்கும் இட்லி." கேன்டீனிலிருந்து வாங்கிவந்தேன். சட்னியில் காரம் போதவில்லை என்று ஒரே ரகளை.