பால் கணக்கு நோட்டுல ஒரு புள்ளி

எங்க மக பத்தாவது படிக்கும்போது முதல் தடவை வலிப்பு வந்தது. மல்லாட்டை பிடுங்கிட்டு இருந்தோம். வரப்புல விழுந்துட்டா. யாரோ ஓடிவந்து கையில இரும்புச் சாவியைத் திணிச்சாங்க. அன்னைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலையில பௌர்ணமின்னா கேக்கணுமா, 14 கி.மீ. மலை சுத்த ரோடு பூரா ஜனம். "பௌர்ணமி வேகம்"னு ஊர்ல சொன்னாங்க. நாலு மாசம் கழிச்சு அமாவாசைக்கும் வந்தது. அப்புறம் சொல்லணுமா? மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம். மாத்திரையும் கொடுத்தோம். அப்பவும் மாசத்துக்கு ஒண்ணு வந்துக்கிட்டுதான் இருந்தது.

புதுசா பார்த்த டாக்டரம்மா, "தூரமாகுற தேதி என்னம்மா?"ன்னு அவகிட்ட கேட்டாங்க. நான் எழுந்து வெளிய கிளம்பினேன். "உக்காருங்க. மாத்திரை வாங்கித் தர்றவர் நீங்கதானே, நீங்களும் கேளுங்க"ன்னாங்க. தலையைக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் சம்சாரம் பால் கணக்கு நோட்டுல எழுத ஆரம்பிச்சா. தூரமான நாளுக்குப் புள்ளி, வலிப்பு வந்த நாளுக்குப் பெருக்கல் குறி. நாலு மாசம் பார்த்தோம். பெருக்கல் குறி எல்லாம் புள்ளிக்கு முந்தின நாள், இல்லன்னா அதே நாள்.

அப்பதான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு 26 நாளுக்கு ஒரு தடவை. நிலாவுக்கு இருபத்தொம்போதரை நாள். மாசாமாசம் மூணரை நாள் தள்ளிப்போகும். நாலு மாசத்துல 14 நாள். பௌர்ணமிக்கு வந்தது அமாவாசைக்குப் போன ரகசியம் அவ்வளவுதான்!

டாக்டரம்மா விளக்கினாங்க. ஈஸ்ட்ரோஜன் மூளையைத் தூண்டிவிடும், புரோஜெஸ்டிரோன் அடக்கி வைக்கும். தூரமாகுறதுக்கு முன்னாடி அடக்குறது சட்டுனு இறங்கிடுது. வலிப்பு இருக்குற சில பெண்களுக்கு அந்த நேரம் பார்த்துதான் வரும். 1857லேயே லண்டன்ல சார்லஸ் லோக்காக்னு ஒரு டாக்டர் இதைப் பேசியிருக்காராம். நம்ம வீட்டுல வாயைத் திறக்க இத்தனை காலம் ஆயிருக்கு.

இப்ப அந்த நாலஞ்சு நாளைக்கு மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒண்ணு கூடுதல். முழுசா நிக்கல, ரொம்பக் குறைஞ்சிருக்கு. காலேஜ் போறா.

"கல்யாணம் எப்படிப்பா பண்ணுவ?"ன்னு கேக்குறாங்க. அடிக்கடி வலிப்பு வந்தா கல்யாணத்தை ரத்து பண்ணலாம்னு இந்து திருமணச் சட்டத்துலயே இருந்தது. 1999ல எடுத்துட்டாங்க. மறைச்சுக் கட்டிக் கொடுக்க மாட்டேன். வலிப்பு மாத்திரையில சிலது வயித்துப் பிள்ளையைப் பாதிக்கும்னு சொன்னாங்க. அதனால கல்யாணத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசணும். நாமளா மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வலிப்பு வந்தா சாவி, இரும்பு எதுவும் வேணாம். வாயில எதையும் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா 108க்கு போன் பண்ணுங்க.

இப்ப நோட்டுல புள்ளி வைக்கிறது நான்தான். "அப்பா, இன்னைக்கு"ன்னு அவளே சொல்லிட்டுப் போறா. உங்க வீட்டுலயும் யாருக்காவது இருந்தா ஒரு நோட்டு போடுங்க. ஆம்பளைங்க எழுந்து வெளிய போகாதீங்க.