மூன்று வெட்டு

எங்கள் அப்பா காரைதீவில் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருந்தார். மூன்று கால் தாங்கியில் ஒரு மரக் கமெரா, அதன் பின்னால் ஒரு கறுப்புத் துணி. சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் ஆட்களும் வருவார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் பிள்ளைகள்தான் அதிகம்.

அந்தக் கமெராவுக்குச் சுருள் பிலிம் இல்லை. பிலிம் தாள் தாளாக வரும். ஒவ்வொரு தாளையும் இருட்டறையில் வைத்து, ஹோல்டர் என்னும் தட்டையான சட்டத்துக்குள் செருக வேண்டும். ஒரு ஹோல்டருக்கு இரண்டு பக்கம், இரண்டு தாள். எங்களிடம் ஆறு ஹோல்டர்கள் இருந்தன.

தாள் செருகுவது என் வேலை. பிலிமின் ஒரு மூலையில் கம்பனிக்காரர் சிறு வெட்டுகள் வைத்திருப்பார்கள். தாளை நிமிர்த்திப் பிடிக்கும்போது அந்த வெட்டு வலது கை மேல் மூலையில் விரலில் பட்டால், மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் பார்க்கப் பழகினேன்.

அப்பா தானும் ஒரு குறி வைத்தார். ஹோல்டரில் பிலிமின் ஓரத்தை மறைக்கும் விளிம்பை அரத்தால் அராவினார். முதலாம் ஹோல்டருக்கு ஒரு வெட்டு, இரண்டாவதுக்கு இரண்டு. ஒரு பக்கத்துக்குக் கூர் வெட்டு, மறுபக்கத்துக்கு வட்ட வெட்டு. படம் எடுக்கும்போது வெளிச்சம் அந்த வெட்டுக்குள்ளும் விழும். கழுவிய நெகட்டிவின் ஓரத்தில் அது கறுப்புப் பல் போலத் தெரியும். கொப்பியில் திகதி, பெயர், ஹோல்டர் இலக்கம், பக்கம் எல்லாம் எழுதி வைப்பார். ஒருமுறை சில படங்களில் வெளிச்சக் கீறல் விழுந்தது. ஓரத்தைப் பார்த்து, நாலாம் ஹோல்டரில்தான் ஒழுக்கு என்று உடனே கண்டுபிடித்தார்.

1990 ஆனியில் மீண்டும் போர் தொடங்கியது. நாங்களும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது நெகட்டிவ் உறைகள் கிழிந்து, எல்லாம் கலந்து கிடந்தன. சில மாதங்களின் பின் அயல்வீட்டு மாமி வந்தா. வேலைக்குப் போன மகன் திரும்பவில்லை. வீடு எரிந்துவிட்டது. கையில் இருந்த ஒரே படத்தை ஓர் அலுவலகத்தில் கொடுத்தா. அது திரும்பி வரவில்லை.

"தம்பி, என்ட மகன்ட படம் ஒண்டு வேணும். வேறொண்டும் மிச்சமில்ல" என்றா.

"கொப்பிய எடுத்திட்டு வா மனே" என்றார் அப்பா.

அவன் படம் எடுத்த அன்று ஒரே வகுப்புப் பையன்கள் மூவர் வந்திருந்தார்கள். மூவருக்கும் வெள்ளைச் சேட்டு, ஒரே மாதிரித் தலைவாரல். நெகட்டிவில் முகம் கறுப்பு, முடி வெள்ளை. பெற்ற தாய்க்கே மட்டுக்கட்ட முடியவில்லை. கழுவிப் பார்ப்போம் என்றால் எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு படக் கடதாசி. கொப்பியில் 'மூன்றாம் ஹோல்டர், கூர் வெட்டு' என்றிருந்தது. நெகட்டிவ்களை லாம்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். மூன்று கூர்ப்பல் உள்ளதை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். தட்டில் மருந்துக்குள் அந்த முகம் மெல்ல மெல்ல வந்தபோது, மாமி ஒரு சொல்லும் பேசவில்லை. தட்டின் விளிம்பை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டா.

படத்தின் பின்னால் அப்பா பென்சிலால் பெயர், திகதி, ஊர் எழுதினார். பிறகு கடதாசி கிடைத்தபோது இன்னொரு பிரதி போட்டு, திருக்கோவிலில் இருந்த மாமியின் தங்கச்சிக்கு அனுப்பினோம்.

2004 மார்கழி 26 காலை கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. கமெரா, ஹோல்டர், கொப்பி, நெகட்டிவ் எல்லாம் போய்விட்டன. மாமியின் படமும் போனது. தங்கச்சி வீட்டுப் படம் மட்டும் தப்பியது. பின்னால் எழுதிய பென்சில் எழுத்தும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பிரதி எடுத்துத்தான் மாமி பிறகு ஒவ்வொரு விசாரணைக்கும் போனா. மகன் இன்னும் வரவில்லை. ஆனால் "எந்த மகன்?" என்று கேட்டவர்களிடம் காட்ட ஒரு முகம் இருந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் படங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரும் திகதியும் ஊரும் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறும். விசாரணைக்குப் பிரதியைக் கொடுங்கள், மூலப் படத்தை ஒருவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். இன்னொரு பிரதியைத் தூரத்து உறவினர் வீட்டில் வையுங்கள். நமக்கு முகம் மறக்காது. ஆனால் நமக்குப் பின்னால் தேடப்போகிறவர்களுக்கு ஒரு குறி வேண்டும்.