வானளக்கும் கிரேன்கள்

ஒரு நகரத்தின் வளர்ச்சியைக் கிரேன்களின் எண்ணிக்கையால் அளப்பது இன்றைய வழக்கம். நானும் புதுவையின் புறநகரில் அவற்றை அண்ணாந்து பார்த்து வியந்ததுண்டு. ஆயினும் எனக்கோர் ஐயம்.

கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மேரி கட்டடம், 29-11-2014 அன்று மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய உருவிலேயே மீண்டும் எழுந்து, 2021-இல் திறப்புவிழாக் கண்டது. புகழ்பெற்ற கட்டடத்திற்கு மறுபிறவி உண்டு. எங்கள் தெருவில் இடிபட்ட திண்ணை வீடுகளுக்கு? வழிப்போக்கர் இளைப்பாறிய இடத்தில் இன்று இரும்புக் கதவன்றோ நிற்கிறது!

இடிக்காமலே காக்கவும் முடியும். வைசியாள் வீதியே சான்று. அதன் சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிட்டியது.

வளரட்டும் புதுவை, வானளாவ! வாசலில் ஒரு திண்ணையும் இருக்கட்டும்.