வலை விழாத நீர்

டாக்காவிலிருந்து சில்ஹெட் போகும் ரயிலில் வந்து ஸ்ரீமங்கலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டம் பார்க்கக் கிளம்பினார்கள். நான் ஆட்டோக்காரரிடம் "பாய்க்கா பீல்" என்றேன். பிப்ரவரி மாதம். நாற்று நட்ட வயல்களுக்கு நடுவே, கரை உயர்த்திய மீன் வளர்ப்புக் குளங்கள் வழிநெடுக வந்துகொண்டே இருந்தன.

பாய்க்கா பீல் இருப்பது ஹாயில் ஹாவோர் என்ற பெரிய ஈரநிலத்துக்குள். மழைக்காலத்தில் அது ஏறக்குறைய 14,000 ஹெக்டேருக்கு விரியும். கோடையில் அதில் சிறு பகுதிதான் நீராக மிஞ்சும். அப்போது மீனெல்லாம் ஆழமான பள்ளங்களில் ஒதுங்கும். அந்தப் பள்ளம்தான் பீல். அதைக் குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும்; கடைசியில் மோட்டார் வைத்து இறைத்து, சேற்றில் துடிப்பதையும் அள்ளிவிடுவார். குஞ்சும் போகும், சினை மீனும் போகும். நம் ஊர் ஏரிக் குத்தகையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

2003-இல் வங்கதேச அரசு பாய்க்கா பீலை, சுமார் 100 ஹெக்டேரை, நிரந்தர மீன் சரணாலயமாக அறிவித்துச் சுற்றுவட்டார மக்களின் அமைப்பிடம் பராமரிப்பைக் கொடுத்தது.

பார்வைக் கோபுரத்தில் ஏறினேன். காய்ந்த தாமரைத் தண்டுகளுக்கு இடையே தாழைக்கோழிகள் மேய்ந்தன. காவலர் நீரைச் சுட்டி, "அதோ பாருங்க பாய்" என்றார். பாசி படிந்த கான்கிரீட் கால் ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு கால் வைத்த கான்கிரீட் அமைப்புகளைச் செய்து உள்ளே இறக்கியிருக்கிறார்கள். திருட்டு வலை போட்டால் அதில் மாட்டிக் கிழியும். மீனுக்கு ஒளிய இடம், கொறிக்கப் பாசி. காவலரும் முன்பு வலை போட்டவர்தான்.

சட்டென்று நீர் பிளந்து ஒரு முதுகு புரண்டது. "போவால்!" என்றார் காவலர். நம் ஆற்று வாளையேதான். கை நீளத்துக்குக் குறையாது. அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒரு வருஷத்தில் சினைப்படும் பொடி மீன்கள் எத்தனை வலை விழுந்தாலும் எப்படியோ தப்பித்துத் தலையெடுக்கும். வாளைக்கு அந்த அவகாசம் போதாது. வருஷாவருஷம் வழித்தெடுத்தால் முதலில் காணாமல் போவது பெரிய இனங்கள்தாம். கூடை நிறையும், அதில் வகை இருக்காது. வங்கதேசத்தில் 2015-இல் மதிப்பிட்ட 253 நன்னீர் மீனினங்களில் 64 அழியும் ஆபத்தில் இருந்தன. இந்தப் பீலில் மீனுக்கு வயதாக முடிகிறது. விதைநெல்லைக் குதிரில் வைத்ததுபோல் கோடை முழுக்கச் சினை மீன்கள் காத்திருந்து, முதல் மழைக்கு வெள்ளத்தோடு ஹாவோர் முழுக்கப் பரவுகின்றன.

ஆனால் அவை பரவ வழி வேண்டும். வரும்போது பார்த்த வளர்ப்புக் குளங்களின் கரைகள்தான் எனக்குக் கவலை. ஒவ்வொன்றும் ஒரு பாதையை அடைக்கிறது.

சாயங்காலம் ஸ்ரீமங்கல் சந்தையில் ஒரு தட்டின்முன் உட்கார்ந்தேன். விரால், சொட்டைவாளை, கெளுத்தி, இன்னும் உயிரோடு செவுளை அடித்துக்கொண்டிருந்த பனையேறிக் கெண்டை. பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஏழெட்டு வகை. எங்கே பிடித்தது என்று கேட்டேன். "ஹாவோர்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளித்தார் கடைக்காரர்.