ஆளுக்கொரு பொட்டலம்

சங்க மேடைகளில் ஒற்றுமையைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. அந்த ஒற்றுமைக்கும் பயிற்சி ஒன்று உண்டு என்பதை நான் உணர்ந்தது காலந்தாழ்ந்துதான்.

தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையினின்று தாராவிக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் சந்தின் சாக்கடை அடைத்து மழைநீர் வீட்டினுள் புகுந்த ஓர் ஆண்டில், படித்த பிள்ளை என்னும் பெருமிதத்தோடு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். மறுமொழி வரவில்லை. அம்மா கேட்டாள்: "ஏலே, பக்கத்துல நாலு வீட்டுல கேட்டுட்டா எழுதுன?" கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னைவிட்டு அகலவில்லை.

செம்பூருக்குக் குடிபெயர்ந்த பின்னர்தான் ஜோக்கின் அற்புதம் அவர்களின் வரலாற்றை அறிந்தேன். கோலார் தங்கவயலில் பிறந்து, 1960களில் மும்பை வந்து தச்சு வேலை செய்த தமிழர் அவர். மான்கூர்டுப் பகுதியின் ஜனதா காலனியில் குப்பை அள்ளுவாரின்றிக் குவிந்து கிடந்தது. அவர் குழந்தைகளைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி, ஊர்வலமாய்ச் சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் போடச் செய்தார். அதன்பின் குப்பையை அகற்ற வழி பிறந்தது. ஒருவர் சுமக்கவியலாத பாரம், பலர் கையில் பொட்டலமாயிற்று.

ஆயினும் 1976-இல், நெருக்கடி நிலையின்போது, அக்காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். இடம் போயிற்று; கற்ற வித்தை போகவில்லை. 1986-இல் பைக்குல்லா நடைபாதைப் பெண்களிடையே மகிளா மிலன் தோன்றியது. நாள்தோறும் சில்லறை சேமிக்கவும், தம் குடிசைகளைத் தாமே எண்ணிப் பதியவும் அப்பெண்கள் கற்றனர். சேமிப்புத் திரட்டச் செல்பவள் காசை மட்டுமா வாங்கி வருகிறாள்? எவர் வீட்டில் நோய், எவருக்கு வேலை போயிற்று என்பதையும் அறிந்து திரும்புகிறாள். கற்றவர் அடுத்த சேரிக்குச் சென்று கற்பித்தனர். அவ்வித்தை தென்னாப்பிரிக்கா வரை சென்றது. அற்புதம் 2018-இல் மறைந்தார்.

1980களில் தாராவிச் சீரமைப்புத் திட்டம் வந்தபோது, மக்கள் அமைப்புகள் எடுத்த கணக்கு அரசின் மதிப்பீட்டை விஞ்சி நின்றது. 2024-இல் அங்கே மறுசீரமைப்புக்காக மீண்டும் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. கணக்கில் விடுபட்டவருக்கு இந்நகரில் இடமேது?

பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைக்கும் நாம், தம் சந்தில் எத்தனை வீடு, எத்தனை குழாய், அடுத்த வீட்டார் யார் என எழுதிவரவும் சொல்லலாகாதா? என் அம்மாவின் கேள்விக்கு அவர்களேனும் தலைநிமிர்ந்து விடை கூறட்டும்.