வாப்பாவின் கணிப்பொறி

1995ஆம் ஆண்டில் கடைக் கணக்கிற்கென வாப்பா வாங்கிய 486 கணிப்பொறி இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. அதன் நினைவகம் 4 மெகாபைட். என் மகனுடையதோ 8 ஜிகாபைட், இரண்டாயிரம் மடங்கிற்கும் மேல். 1989இல் வெளிவந்த 486 சில்லில் ஏறத்தாழ 12 இலட்சம் டிரான்சிஸ்டர்கள். இன்றையவற்றில் பல நூறு கோடி. வேகத்தில் ஒப்பீடே இல்லை.

ஆயினும் வாப்பா வஃபாத்தானபின், அவர்கள் பட்டிருந்த கடன்களின் விவரம் அந்தப் பழைய வன்தட்டில்தான் இருந்தது. அதன் 40 ஊசி இணைப்புக்கு மகனின் புதுப்பெட்டியில் இடமில்லை. பழையதையே இறக்கினோம். உள்ளிருந்த சிறு மின்கலம் தீர்ந்து, தேதியோடு தன் வன்தட்டின் அளவையும் அது மறந்திருந்தது. மின்கலத்தை மாற்றி, தட்டின்மேல் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். (அன்று இதெல்லாம் நம் கைவேலை.) முனகிக்கொண்டே எழுந்தது.

திரையில் மூன்று பெயர்கள். இருவருக்குக் கொடுத்துவிட்டோம். மூன்றாமவரின் வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.